அப்பு விட்டுச் சென்ற முறை

(வலிகாமத்துச் செம்மண் ஊரொன்றின் சனசமூக நிலையத்தில், தமது பாட்டனாரின் முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்திலே சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



மறைந்தவரைப் புகழ்ந்துரைப்பது நமது வழக்கம். மேடையேறிப் பேசுவதைத் தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றோருக்கு அது எளிதான காரியமுங்கூட. ஆயினும் அப்பு புகழுரையில் விருப்பமில்லாதவர். எவரையேனும் மற்றவர்கள் மிகையாகப் புகழக் கேட்டால், "முதலில அவன்ர தோட்டத்தைப் போய்ப் பாருங்கோ" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார். ஆதலால் அவர் நல்லவர், வல்லவர் என்று அடுக்கிக்கொண்டு போக நான் இங்கு வரவில்லை. அவர் எதை வைத்திருந்தார், எப்படி வைத்திருந்தார், எதை எங்களிடம் விட்டுச் சென்றார் என்பவற்றையே உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

அவர் என் தாயாரின் தந்தை. 1931ஆம் ஆண்டிலே பிறந்தவர். தொண்ணூற்று நான்கு வயதுவரை வாழ்ந்தவர். ஐந்து பிள்ளைகளுக்குத் தந்தையார். பதினொரு பேரப்பிள்ளைகளுக்கு அப்பு. பள்ளிக்கூடத்திலே ஐந்தாம் வகுப்புக்கு மேல் அவர் படித்ததில்லை. இன்று உங்கள் கைகளிலே இருக்கும் கல்வெட்டில் அவருடைய பிறப்பு, விவாகம், மக்கட்பேறு யாவும் முறையாக எழுதப்பட்டுள்ளன. ஆனால், அவருடைய வாழ்வின் பெரும்பகுதி கழிந்த கிணற்றடியைப் பற்றி அதில் ஒரு வரியேனும் இல்லை. அந்தக் குறையை நிரப்புவது என் கடமையென்று கருதுகின்றேன்.

ஒன்றரைப் பரப்பு

சட்டம் படித்தவன் என்ற முறையில் அவருடைய உறுதிகளை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் காலத்திலே எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, நமது சொத்துக்களை முதுசம் என்றும், சீதனம் என்றும், தேடியதேட்டம் என்றும் வகுக்கின்றது. அப்புவுக்கு முதுசமாக ஒரு பிடி மண்ணும் வரவில்லை. அவருடைய தந்தையார் காலத்திலேயே அது சகோதரிகளின் சீதனமாகப் போய்விட்டது. 1955ஆம் ஆண்டில் அவர் இவ்வூருக்கு மாப்பிள்ளையாக வந்தபோது, ஆச்சிக்குச் சீதனமாக எழுதப்பட்ட பன்னிரண்டு பரப்புத் தோட்டமும் ஒரு பங்குக் கிணற்றில் நாலிலொரு பங்குமே குடும்பத்தின் உடைமைகள். பின்னர் 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனின் கையிலே நாலு காசு புழங்கிற்று. 1973இல் அந்தப் பணத்தைக் கொண்டு பக்கத்துக் காணியிலே மூன்று பரப்பை வாங்கினார். அதனையும் ஆச்சியின் பெயரிலேயே எழுதுவித்தார்.

2004ஆம் ஆண்டிலே ஆச்சி காலமானார். சீதனக் காணி சட்டப்படி பிள்ளைகளைச் சேர்ந்தது. தேடியதேட்டமான மூன்று பரப்பிலே சரிபாதி கணவனுக்கு வந்தது. அதாவது, ஐம்பது ஆண்டுகளாக அந்த மண்ணைக் கொத்தியும் சாறியும் நீர் பாய்ச்சியும் பயிர் வளர்த்த மனிதருக்கு, எழுபத்து மூன்று வயதிலே, எழுத்தின்படி சொந்தமானது ஒன்றரைப் பரப்பு. அதற்கு முன்னர் அதுவும் இல்லை!

இதனை ஒருநாள் அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் சிரித்தார். "காணி ஆச்சியின்ர. கிணறு நாலு பேருடையது. தண்ணி மழையின்ர. என்ர எண்டு இருந்தது முறை மட்டுந்தான்" என்றார்.

முறை என்ற சொல்லை நாம் எத்தனை பொருளில் வழங்குகின்றோம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். கிணற்றிலே நீர் இறைக்கும் நாளும் முறைதான். இருவருக்கிடையே உள்ள உறவும் முறைதான். நீதியும் முறைதான். அநீதி நேர்ந்தால் நாம் செய்வது முறையீடு. அப்பு இவற்றை வேறு வேறாகப் பார்த்ததில்லை.

வழக்கு வேலிக்கு, தண்ணீருக்கு அல்ல

நமது குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புப் பாறையிலே தங்கும் நீரே நமது சொத்து. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும். அதனாற்றான் நம் முன்னோர் பங்குக் கிணறுகளை வெட்டி, நாள் குறித்து முறை வகுத்தனர். எங்கள் கிணற்றில் நான்கு பங்காளர். நான்கு நாளைக்கொரு முறை. வெங்காயப் பயிருக்கு அது பொருந்தும். ஒருவன் தன் முறையைத் தவறவிட்டால் அடுத்த முறைவரை பயிர் வாட வேண்டியதுதான். மற்றவனுடைய முறையிலே கைவைப்பது களவுக்குச் சமம். கிணறு கலக்கி இறைத்துத் துப்புரவு செய்யும்போது, எவனுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு ஆளும் செலவும் அவன் கொடுக்கவேண்டும். உரிமை எவ்வளவோ, கடமையும் அவ்வளவு. நீர் இறைக்கும் இயந்திரம் வந்து, ஒரே நாளில் கிணற்றை வற்றச் செய்யலாம் என்ற நிலை ஏற்பட்ட பின்னரும் அப்பு பழைய நேரக் கணக்கை மாற்றவில்லை. "ஊறுறதுக்கும் அதுக்கு நேரம் வேணும்" என்பார்.

இந்தக் கிணற்றின் மற்றொரு பங்காளர் எங்கள் வடக்கு எல்லைக்காரர். 1950களின் இறுதியில் அவர் வேலி அடைத்தபோது கதியால்கள் ஒரு முழம் எங்கள் பக்கம் வந்துவிட்டன என்பது அப்புவின் முறைப்பாடு. இல்லை, பழைய எல்லையிலேதான் நட்டேன் என்பது அவருடைய வாதம். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அதுபோலச் சாட்சிகளும் இரு பக்கத்திலும் இருந்தனர். கோடேறினார்கள். ஒரு முழக் காணிக்காக இருவரும் செலவழித்த பணத்தில் இரண்டு பரப்பு வாங்கியிருக்கலாம். இது நம்மவர்க்குப் புதிய கதையன்று. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் பலர் இந்தக் கதியால்களால் வாழ்ந்தவர்கள் என்பதையும் நான் மறைக்கவில்லை!

ஆனால், வழக்கு நடந்த காலம் முழுவதும் ஒருநாளேனும் கிணற்றுமுறை பிசகவில்லை. வீதியிலே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இருவரும் கிணறு துப்புரவு செய்யும் நாளில் ஒரே கயிற்றைப் பிடித்து நின்றனர். வழக்கு வேலிக்குத்தான்; தண்ணீருக்கு அல்ல என்பது இருவருக்கும் விளங்கியிருந்தது.

1961ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. ஆயிரக்கணக்கான மக்கள் அங்கு அமர்ந்தனர். அப்புவும் போனார். வெங்காயம் நட்டிருந்த காலம். துலாவில் இறைப்பதென்றால் மிதிக்க ஆள், பட்டை பிடிக்க ஆள், தண்ணீர் மாற ஆள் வேண்டும். வீட்டிலே கைக்குழந்தையோடு ஆச்சி தனித்திருந்தார். பயிர் போகட்டும் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு போனவர் நான்கு நாள் கழித்துத் திரும்பினார். வந்து பார்த்தால் பாத்திகள் ஈரமாயிருந்தன! எதிர்வழக்குக்காரர் தமது மக்கள் இருவரோடு இரவிலே வந்து எங்கள் முறைக்கு இறைத்துவிட்டுப் போயிருந்தார். எவரும் அவரிடம் கேட்கவில்லை. அப்பு அவர் வீட்டுப் படலையிலே போய் நின்றபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "எங்கட சண்டை எங்களோட. பயிர் என்ன பாவஞ் செய்தது?"

அந்த வழக்கு அதன்பின் நடக்கவில்லை. இருவரும் எல்லையிலே கயிறு பிடித்து, நடுவிலே பூவரசங் கதியால்களை நட்டனர். ஒரு வருடம் அவர் குழை வெட்டுவார்; மறு வருடம் இவர் வெட்டுவார். அந்தப் பூவரசுகள் இன்றும் நிற்கின்றன. போராட்டம் என்றால் மேடையும் ஊர்வலமும் மட்டுமே என்று எண்ணுவோர், மேடைக்குப் போனவனின் பாத்திக்கு இரவிலே நீர் பாய்ச்சிய அந்த மனிதரையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அரசியல் வேலை செய்பவன் என்ற முறையில் நான் அறிந்த அளவில், எந்த இயக்கமும் அத்தகைய மனிதர்களின் பலத்திலேதான் நிற்கின்றது.

மறைக்கக் கூடாத ஒன்று

இங்கு ஓர் உண்மையைச் சொல்லாது விடுதல் அறமாகாது. பங்குக் கிணறு என்று பெருமை பேசுகின்றோம். அந்தப் பங்கு யாருக்கு இருந்தது? அக்கிணற்றை வெட்டியவர்களுக்கும், துலா மிதித்தவர்களுக்கும், தோட்டத்திலே கூலிக்கு வேலை செய்தவர்களுக்கும் அதில் அள்ளிக் குடிக்கும் உரிமை இருந்ததில்லை. அவர்கள் எட்டி நிற்க, மற்றவர் வார்க்க, கையேந்திக் குடித்தார்கள். அப்பு அந்த வழக்கத்திலே பிறந்து, நெடுங்காலம் அதற்குள்ளேயே வாழ்ந்தவர். 1966க்குப் பின்னர் ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் குடாநாட்டை உலுக்கியபோதும் அவர் வாய் திறந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அவரை மாற்றியது 1995ஆம் ஆண்டு. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளும் பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் கிடையாது; யூரியா கிடையாது; சவர்க்காரமும் மின்கலமுங்கூட அரிதாயின. ஜாம் போத்தல் விளக்கிலே நாங்கள் படித்தோம். இயந்திரம் ஓய்ந்தபோது அப்பு பழைய துலாவைச் சீர்செய்து நிறுத்தினார். உரம் இல்லாதபோது குழை தாழ்த்தினார். மாட்டுப் பட்டி அடைத்தார். தோட்டத்தை ஒரு போகமும் தரிசாக விடவில்லை. அப்படிக் காத்த தோட்டத்தை 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு விட்டுவிட்டு, வலிகாமத்து மக்கள் அனைவரோடும் மழையிலே நடந்து, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். எனக்கு அப்போது வயது பதினான்கு. அறுபத்து நான்கு வயது மனிதர் ஆச்சியைக் கையிலே பிடித்துக்கொண்டு, சனநெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். வழியிலே தண்ணீர் தாகம். ஒரு வீட்டு வாசலிலே வாளியில் நீர் வைத்துக்கொண்டு நின்ற ஒருவர், வந்தவர்களுக்கெல்லாம் வார்த்தார். அப்புவும் கையேந்திக் குடித்தார்.

1996இல் ஊர் திரும்பினோம். கிணற்றைக் கலக்கி இறைத்த பின்னர் அப்பு ஒரு புது வாளியும் கயிறும் வாங்கிக் கட்டி, "என்ர முறை நாளிலை ஆரும் வந்து அள்ளலாம்" என்று அறிவித்தார். பங்காளர் சிலர் முகஞ்சுளித்தனர். "நாலாம் நாள் தண்ணி என்ர. அதை ஆர் அள்ளிறது எண்டு நான்தான் சொல்லவேணும்" என்றார். இதற்கு மேலான சட்ட வாதத்தை நான் எந்த நீதிமன்றிலும் கேட்டதில்லை! முதலில் நாலு நாளைக்கு ஒரு நாள் திறந்த கிணறு, ஓரிரு ஆண்டுகளிலே நான்கு நாளும் திறந்துவிட்டது. காரணம் கேட்ட எனக்கு அவர் சொன்ன விடை: "தென்மராட்சியிலை ஒருத்தனும் எங்களிட்டைச் சாதி கேட்டுத் தண்ணி வார்க்கேல்லை."

அறுபத்தைந்து வயதிலும் ஒரு மனிதன் தன் மனத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பதற்கு அவர் சான்று. ஆனால், அதற்குத் தாமும் கையேந்தி நிற்கவேண்டி வந்தது என்பதையும் சேர்த்தே நினைவுகூரவேண்டும்.

பந்தம் பிடித்தோர்

பெரியோர்களே, சென்ற மாதம் அவருடைய இறுதிக் கிரியையிலே நீங்கள் எல்லாரும் நின்றீர்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது நம் வழக்கம். பதினொரு பேரில் ஊரிலே நின்றவர்கள் மூவர். மற்றைய எண்மரும் கனடாவிலும், இங்கிலாந்திலும், அவுஸ்திரேலியாவிலும் கைத்தொலைபேசித் திரையிலே பார்த்து அழுதார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. 1983க்குப் பின்னர் உயிரைக் காக்கப் போன தாய் தந்தையரின் பிள்ளைகள் அவர்கள். மேலும், என் மாமன்மார் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆனது இந்தத் தோட்டத்து மிளகாய்ப் பணத்திலேதான். தோட்டம் அவர்களைப் படிப்பித்தது. படிப்பு அவர்களைத் தோட்டத்திலிருந்து தூரக் கொண்டுபோயிற்று. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமா? இங்கே அமர்ந்திருக்கும் உத்தியோகத்தரிலும் ஆசிரியரிலும் எத்தனை பேரின் கதை!

பந்தம் ஏந்தக் கைகள் குறைந்தபோது, வடக்கு எல்லைக்காரரின் பேரப்பிள்ளைகள் முன்வந்து வாங்கினார்கள். அவர்களோடு, ஒருகாலத்திலே எங்கள் கிணற்றடியில் எட்டி நின்ற குடும்பத்துப் பிள்ளையொருவனும் வாங்கினான். "நீ என்ன முறை?" என்று அந்த வேளையில் எவரும் கேட்கவில்லை. அவர்கள் என்ன முறை என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது.

இனிச் செய்ய வேண்டியது

அழுகையோடு கலைந்துபோக நாம் கூடவில்லை. கணக்கொன்று மீதியாக இருக்கின்றது.

பன்னிரண்டு பரப்புச் சீதனக் காணி இன்று ஐந்து பங்கு. நாலிலொரு பங்குக் கிணற்றை ஐந்தாகப் பிரித்தால் ஒருவருக்கு இருபதிலொரு பங்கு. அதாவது, இருபது நாளைக்கு ஒரு முறை. எந்த வெங்காயம் இருபது நாள் நீரின்றி நிற்கும்? சட்டம் பங்கைப் பிரித்துத் தரும். பயிரை அது அறியாது. பிரித்து வேலி அடைத்தால் ஐந்து துண்டும் தரிசாகும். பிரிக்காமலே விட்டால், வெளிநாட்டிலுள்ளோர் வராமல், உள்ளூரிலுள்ளோர் தொடாமல், அப்பொழுதும் தரிசாகும்.

தரிசாகக் கிடக்கும் காணிக்கு நேரும் ஆபத்தை நீங்கள் அறிவீர்கள். 2025 மார்ச் 28ஆம் நாள் வெளியான வர்த்தமானி அறிவித்தலொன்று, வடமாகாணத்திலே ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் அவை அரச காணிகளாகும் என்றது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நீதிமன்றம் தடை விதித்தது நன்று. ஆனால், உறுதி எங்கே, பங்காளர் யார், எல்லை எது என்று தெரியாத குடும்பத்துக்கு எந்த நீதிமன்றம் நிரந்தரமாக உதவமுடியும்?

மற்றவரிடம் பயிர்செய்யக் கொடுத்தால் பத்து ஆண்டில் ஆட்சியுரிமை கோரிவிடுவாரே என்று வெளிநாட்டிலுள்ள நம்மவர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தால் எத்தனையோ தோட்டங்கள் பற்றை மண்டிக் கிடக்கின்றன. சட்டத்தை அறிந்தால் இந்த அச்சம் தேவையில்லை. உரிமையாளனின் சம்மதத்தோடு குத்தகைக்கு இருப்பவன், அந்தக் குத்தகையின் பேரிலே இருக்கும்வரை, எதிரிடையான ஆட்சி கோர முடியாது. ஆனால், அது வாய்ப்பேச்சாக இருத்தல் கூடாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையிலே எழுதப்படவேண்டும். அப்படி எழுதினால் காணிக்காரனுக்கும் பாதுகாப்பு, பயிர்செய்பவனுக்கும் பாதுகாப்பு.

எங்கள் குடும்பத்தார் அனைவரும் இந்த முப்பது நாட்களில் பேசி ஒரு முடிவுக்கு வந்துள்ளோம். காணியைத் துண்டாடுவதில்லை. உரிமையாளர் அனைவருடைய பெயரையும் எழுத்திலே ஒழுங்கு செய்கின்றோம். வெளிநாட்டிலுள்ளோர் அற்றோணித் தத்துவம் அனுப்ப இசைந்துள்ளனர். தோட்டத்தையும் கிணற்று முறையையும் எழுத்து மூலம் குத்தகைக்கு ஒப்படைக்கின்றோம். அன்று அப்புவின் பந்தத்தை ஏந்தியவர்களில், சொந்தக் காணி இல்லாத, தோட்டத் தொழில் தெரிந்த அந்த இளைஞனே அதனைப் பொறுப்பேற்கின்றான். குத்தகைப் பணத்தை எங்களில் எவரும் எடுப்பதில்லை. கிணற்றைத் துப்புரவு செய்யவும், கட்டைச் செப்பனிடவும் அது செலவாகும்.

இதனை ஈகையென்று எவரும் எண்ணவேண்டாம். கிணற்றுக்கு நாங்கள் கொடுக்கவேண்டிய கடனை அடைக்கின்றோம். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இங்குள்ள உத்தியோகத்தர்களே, உங்கள் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே அவர்களோடு காணியைச் சுற்றி நடந்து எல்லைகளைக் கேட்டறியுங்கள். உறுதிகளைப் பார்த்து இலக்கத்தைக் குறித்து வையுங்கள். தோட்டக்காரர்களே, உங்கள் கிணற்றின் பங்கையும் முறையையும் ஒரு கொப்பியிலே எழுதிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எழுதத் துணை தேவையானால், ஞாயிறுதோறும் மாலையில் இதே சனசமூக நிலையத்திலே நான் இருப்பேன். கட்டணம் இல்லை.

அப்பு இல்லாத வீட்டிலே விடியற்காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்பதில்லை. என் தாயார் இன்னும் அந்த நேரத்துக்கு எழுந்து தேநீருக்கு நீர் வைத்துவிட்டு, பின்னர் நினைவு வந்து அடுப்பை அணைக்கின்றார். அந்தத் துயரத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. காலந்தான் அதனை ஆற்றவேண்டும்.

நாளை மறுநாள் எங்கள் முறை. அப்பு நோயில் விழுந்ததிலிருந்து தவறியிருந்த இறைப்பு அன்று காலை மீண்டும் தொடங்கும். வசதியுள்ளவர்கள் கிணற்றடிக்கு வாருங்கள்.